ஏழு தலைச் சம்பளம்

"எதிர்பார்க்கும் சம்பளம்" என்ற கட்டத்தில் தம்பி ஒரு தொகையை எழுதினான். பழைய வேலையில் வாங்கியதைவிடக் கொஞ்சம் கூடுதல். எழுதிய பிறகு பேராசையோ என்று பயம் வந்து, அந்தக் கொஞ்சத்திலும் கொஞ்சத்தை அடித்தான்.

மூன்றாம் நாள் படிவம் திரும்பி வந்தது. குறுக்கே சிவப்பு முத்திரை: "எதிர்பார்ப்பு போதாது."

தம்பி என்பது அவன் பெயரல்ல. அக்கா வீட்டில் வளர்ந்தவன். அக்கா தம்பி என்று கூப்பிட்டாள், தெருவும் அப்படியே கூப்பிட்டது. அக்கா புருஷனை அவன் மாமா என்பான். மாமா பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் சூப்பர்வைசர். இருபத்திரண்டு வருடமாக நிலத்தடியில் நீராவிக்கு நடுவே நின்று ஊரார் படுத்த விரிப்புகளை வெளுத்து, அந்தச் சம்பளத்தில்தான் தம்பியைக் கல்லூரிவரை படிக்கவைத்தார். படித்து முடித்தவன் ஒரு சரக்குக் கிடங்கில் சேர்ந்தான். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடும் வேலை. ஒழுங்காகச் செய்தான். ஆகவே யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

இப்போது அவன் விண்ணப்பித்திருந்தது ஓர் உத்தி ஆலோசனை நிறுவனத்துக்கு. எப்படிப் பிழைப்பது என்று மற்ற நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற நிறுவனம். பதவி: இளநிலை உத்தி ஆலோசகர்.

முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கப் போனான். மனிதவள அம்மையார் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். குறைவாகக் கேட்பவர்களை இங்கே எடுப்பதில்லை என்றார். தன் விலை தெரியாதவன் வாடிக்கையாளருக்கு என்ன விலை சொல்வான் என்றார். பழைய சம்பளத்தில் தனக்குக் குறை ஒன்றும் இருக்கவில்லை என்று தம்பி சொன்னதும் அவர் முகத்தில் இரக்கம் வந்தது. சிகிச்சை உண்டு என்று சொல்லி, ஒரு பயிற்சி முகாமுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

முகாம் நான்கு நாள். பன்னிரண்டு இளைஞர்கள், பன்னிரண்டு கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடியின் கீழும் ஓர் அட்டை. அட்டையில் ஒரு தொகை. தொகையை வாயால் சொல்லக்கூடாது. சம்பளத்தை உச்சரிப்பது அந்த நிறுவனத்தில் அநாகரிகம். தொகையையும் தன் முகத்தையும் மாறி மாறி மூன்று நிமிடம் பார்க்க வேண்டும். சிரிக்கக்கூடாது. எச்சில் விழுங்கக்கூடாது. தாண்டிவிட்டால் அடுத்த அட்டை, இன்னும் பெரிய தொகை. எந்த அட்டையில் தொண்டை அசைகிறதோ அதோடு அவர் எதிர்பார்ப்பு நின்றுவிடும். தொண்டைகளைக் கவனிக்க ஓர் அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு உலாவினார்.

முதல் நாள் தம்பி இரண்டாவது அட்டையில் விழுங்கினான். அதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். நான்காம் நாள், முகத்தைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டு மனசுக்குள் வண்டி நேரங்களை ஒப்பித்து, ஏழாவது அட்டைவரை போய்விட்டான். பக்கத்துக் கண்ணாடியில் நின்றவன் ஒன்பதாவது அட்டையை நிதானமாகப் படித்துவிட்டு, "இது வாரத்துக்கா?" என்று கேட்டான். அவனை அங்கேயே வேலைக்கு எடுத்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்றிலிருந்து அவனுக்குக் கண்ணாடிக்காரன் என்று பெயர்.

தம்பிக்கும் வேலை கிடைத்தது. ஏழாவது அட்டைக்கு.

வீட்டில் மாமா சம்பளம் எவ்வளவு என்றார். வாயால் சொல்லக்கூடாதாம் என்றான் தம்பி. எழுதிக் காட்டு என்றார். செய்தித்தாளின் ஓரத்தில் எழுதினான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு சைபர் கூட விழுந்துடுச்சாடா?"

"இல்லை மாமா."

அந்த ஓரத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் சலவைப் பிரிவில் பத்தொன்பது பேரும் அதைப் பார்த்தார்கள். சாயங்காலம் திரும்பும்போது தம்பிக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு... செருப்பல்ல, ஷூ, வாங்கி வந்தார். மாமா வாழ்நாளில் ஷூ வாங்கியதில்லை. அளவு ஒரு விரல்கடை பெரிதாக இருந்தது. காகிதம் வைத்து அடைத்துக்கொண்டு தம்பி வேலைக்குப் போனான்.

முதல் நாள் வரவேற்புரை. பேசியவர் நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒருவர். பங்குதாரர்களை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் பங்காளி என்றார்கள். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாததால் பொருத்தமாகத்தான் இருந்தது. இந்தப் பங்காளி மெலிந்தவர், மென்மையாகப் பேசுபவர்.

"நிறுவனம் உங்களுக்குச் சம்பளம் தரும்னு யாராவது சொன்னாங்களா?" என்று ஆரம்பித்தார். "நாங்க தரமாட்டோம். உங்க சம்பளம் ஏற்கெனவே வெளியில இருக்கு. வேற யாரோ வாங்கிட்டிருக்காங்க. அதைக் கண்டுபிடிச்சு எடுக்கறதுக்குப் பேர்தான் உத்தி."

பிறகு முறையை விளக்கினார்கள். வாடிக்கையாளரிடம் கடைநிலையில் இருக்கும் ஒரு ஊழியரின் சம்பளம் ஒரு நபர்-அலகு. தாழ்வாரப் பேச்சில் அதைத் தலை என்பார்கள். ஏழாவது அட்டை என்றால் ஏழு தலை. ஒவ்வொரு புது ஆலோசகரும் தன் முதல் பணியில், தன் எதிர்பார்ப்புக்குச் சமமான தலைகளை வாடிக்கையாளரின் சம்பளப் பட்டியலிலிருந்து கண்டெடுக்க வேண்டும். அதில் ஒரு பங்கை வாடிக்கையாளர் வருடாவருடம் நிறுவனத்துக்குக் கொடுப்பார். நிறுவனம் தம்பிக்குக் கொடுக்கும்.

கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று தம்பி கேட்டான்.

"இருபது வருஷத்துல கிடைக்காம போனதில்லை," என்றார் பங்காளி. "மனுஷங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க."

அன்று படியிறங்கும்போதே விட்டுவிடலாம் என்று நினைத்தான். ஆனால் வீட்டில் அக்கா வாசலில் நின்று ஷூவின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் மாதச் சம்பளத்தில் அவளுக்குத் துணி துவைக்கும் மெஷின் வாங்கினான். ஊர் விரிப்பையெல்லாம் மெஷினில் சுற்றிய மாமா வீட்டில் அதுவரை வாளிதான். அக்கா நாற்காலி போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் துணி சுற்றுவதை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள். விட்டுவிடலாம் என்பதைத் தம்பி அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போட்டான்.

மூன்றாம் மாதம் அவனுக்கு முதல் பணி வந்தது. மருத்துவமனை. சலவைப் பிரிவு.

அவனுடைய குழுத் தலைவருக்கு மூணு பாயிண்ட் என்று பெயர். எதைச் சொன்னாலும் மூன்றாகத்தான் சொல்வார். இரண்டுதான் இருந்தால் மூன்றாவது வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். அங்கே என் மாமா வேலை செய்கிறார், வேறு ஆளை அனுப்புங்கள் என்று தம்பி அவரிடம் சொன்னான்.

"ஒண்ணு, இது நெறிமுறைச் சிக்கல்," என்றார் அவர். "ரெண்டு, இது வாய்ப்பு." ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "மூணு, வாய்ப்புதான் பெருசு."

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அளக்க ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கேட்டால் வாயைத் திறப்பதில்லை என்று சலவைப் பிரிவில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். மாமா அத்தனை பேரையும் ரோலர் இஸ்திரிக்குப் பக்கத்தில் கூட்டினார். "வர்றது என் மச்சான். நம்ம வீட்டுப் பையன். கேட்டதுக்கு உள்ளதைச் சொல்லுங்க. மறைச்சா அவனுக்குத்தான் கெட்ட பேரு." இதை அவரே தம்பியிடம் பெருமையாகச் சொன்னார். தம்பி சரி மாமா என்றான். வேறென்ன சொல்ல வேண்டுமோ அதை அவன் அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

ஆலோசகர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிலத்தடிக்கு இறங்கினார்கள். மேலே மருத்துவர்கள் கோட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். மூணு பாயிண்ட் சுவர் நிறைய மஞ்சள் காகிதங்களை ஒட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. நீராவியில் பசை இளகி எல்லாம் உதிர்ந்தன. பத்தொன்பது பேர் விரிப்புகளைக் கைமாற்றிக்கொண்டிருந்த அந்த இடத்தில் தரையில் விழுந்தவை அவை மட்டும்தான். ஒரு தொழிலாளி அவற்றைப் பொறுக்கி அடுக்கி மூணு பாயிண்டிடம் மரியாதையாகக் கொடுத்தார். பொறுக்கிய ஆறு நிமிடத்தை அந்தத் தொழிலாளியின் கணக்கில் "வீண் அசைவு" என்று எழுதினார்கள்.

தம்பியின் வேலை கேட்பது, நேரம் பார்ப்பது, எழுதுவது. நடை, நிற்றல், பேச்சு என்று மூன்று பத்தி. மூன்றும் வீண் என்பது கொள்கை. கையில் துணி இருந்தால்தான் வேலை.

பத்தொன்பது பேரும் உள்ளதைச் சொன்னார்கள். இரண்டு மணிக்கு மேல் லிஃப்ட் வராது, அரை மணி நேரம் சும்மா நிற்போம் என்றார் ஒருவர். இடுப்பு வலியால் அவ்வப்போது மூட்டைமேல் சாய்வேன் என்றார் இன்னொருவர். பக்கத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டே, சாய்வதென்ன, குறட்டையே விடுவார், அதையும் போட்டுக்கொள் என்றார். தம்பி போட்டுக்கொண்டான்.

ஓர் அம்மாளை எல்லோரும் பெட்டிக்காரம்மா என்றார்கள். விரிப்புகளை மெஷினில் போடுவதற்குமுன் உதறிப் பார்ப்பது அவர் வேலை. உதறும்போது விழுவதையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து, சாயங்காலம் வார்டு வார்டாக ஏறிக் கொடுத்துவிட்டு வருவார்.

"என்னவெல்லாம் வரும்கறே? பல்செட்டு, மூக்குக் கண்ணாடி, காது மெஷினு, மோதிரம். பல்செட்டு மாறிப்போச்சுன்னா பெரிய ரகளை தம்பி, ரெண்டு பேருமே சாப்பிட முடியாது." சிரித்துவிட்டுச் சொன்னார்: "சில சமயம் கொண்டுபோறதுக்குள்ள ஆள் இருக்கமாட்டாங்க. கட்டிலு காலியா இருக்கும். அப்ப வீட்டாளுங்க யாராவது திரும்பி வருவாங்களான்னு படிக்கட்டுல உக்காந்துக்குவேன். வருவாங்க. கண்ணாடிக்காகவாவது வருவாங்க. அது வேலையில சேருமோ என்னமோ. எழுதிக்கோ."

தம்பி எழுதிக்கொண்டான். படிக்கட்டில் உட்காருதல், நாற்பது நிமிடம்.

தம்பி கெட்டவன் இல்லை. அதற்குச் சாட்சியாக அவன் செய்த ஒரு காரியம் இருக்கிறது. லிஃப்ட், தள்ளுவண்டி, கொதிகலன் மூன்றையும் வைத்து எட்டு நாள் உட்கார்ந்து அட்டவணை போட்டான். வண்டிகள் பதினைந்து நிமிடம் முன்னால் கிளம்பினால் கொதிகலனைப் பகலில் ஒருமுறை அணைத்துவிடலாம். அதில் மிச்சமாகும் எரிபொருள் வருடத்துக்குப் பதினொரு தலைக்குச் சமம். யாரும் போக வேண்டாம். மூன்று முறை சரிபார்த்துவிட்டு, கண்ணாடிமுன் நின்ற நாளில்கூட இல்லாத படபடப்போடு மூணு பாயிண்டிடம் கொண்டுபோனான்.

அவர் முழுவதும் படித்தார். அழகாக இருக்கிறது என்றார்.

"ஒண்ணு, நீராவிக்குப் பணியாளர் எண் கிடையாது. ரெண்டு, பணியாளர் எண் இல்லாததைப் பட்டியல்ல அடிக்க முடியாது. மூணு, அடிக்க முடியாததை வாடிக்கையாளர் மிச்சம்னு நம்பமாட்டார்."

அட்டவணையை என்ன செய்வது என்று தம்பி கேட்டான். மருத்துவமனைக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம் என்றார். கொடுத்தார்கள். அட்டவணையால் ஆட்கள் நிற்கும் நேரம் குறைந்து, இத்தனை பேர் எதற்கு என்பதற்கு அதுவே ஆதாரமாகிப் பின்னிணைப்பில் சேர்ந்தது.

தம்பி மனிதவள அம்மையாரிடம் ஓடினான். என் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்கிறேன், ஏழு வேண்டாம், ஒன்று போதும், அதுகூட வேண்டாம் என்றான். எதிர்பார்ப்பை ஏற்றத்தான் படிவம் இருக்கிறது, இறக்கப் படிவம் இல்லை என்றார் அவர். ஆனாலும் நிறுவனம் இளைஞர்களின் குரலுக்குச் செவிசாய்க்கும் நிறுவனம். ஒரு குழு அமைத்தார்கள். குழுவில் பங்காளி இருந்தார், மூணு பாயிண்ட் இருந்தார், ஒரு மனநல ஆலோசகர் இருந்தார். ஒரு மணி நேரம் தம்பியைப் பேசவிட்டார்கள். விரிப்புக்குள் பல்செட்டு வருவதையெல்லாம் சொன்னான். மனநல ஆலோசகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிவைப் பங்காளி சொன்னார். சம்பளம் வேண்டாம் என்பது அடக்கம். அடக்கம் தலைமைப் பண்பு. தலைமைப் பண்பு உள்ளவருக்கு ஏழு குறைவு. அடுத்த வருடம் ஒன்பது.

அப்படியானால் வேலையை விட்டுவிடுகிறேன் என்றான் தம்பி.

"தாராளமா," என்றார் பங்காளி. குரலில் கோபமே இல்லை. "உங்க இடத்துக்குக் கண்ணாடிக்காரர் வருவார். அவர் எதிர்பார்ப்பு ஒன்பது. நீங்க இருந்தா ஏழு பேரு, போனா ஒன்பது பேரு. மனசாட்சி உள்ளவங்க இந்த நிறுவனத்துல இருக்கணும்னு நான் ஆசைப்படறது இதுக்காகத்தான்."

தம்பி கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினான். ஒன்பதிலிருந்து ஏழு போனால் இரண்டு. ஆக, அவன் இரண்டு பேரைக் காப்பாற்றுகிறான். கணக்கு சரியாகத்தான் இருந்தது. இருந்துவிட்டான். சம்பளத்துக்காக இருந்தானா, அந்த இரண்டு பேருக்காக இருந்தானா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

பட்டியல் போட வேண்டிய நாள் வந்தது. நடை, நிற்றல், பேச்சு மூன்றையும் கூட்டி, வீண் அதிகமானவர் மேலே வருமாறு கணினி வரிசைப்படுத்தியது. முதல் இடத்தில் மாமா வந்தார். சூப்பர்வைசர் ஆயிற்றே, நடந்தார், நின்றார், நாள் முழுவதும் பேசினார். கையில் துணியே இல்லை. எட்டாவது இடத்தில் பெட்டிக்காரம்மா. ஏழு பேர்தான் தேவை. ஒரு கோட்டின் கீழே அந்த அம்மாள் பத்திரமாக இருந்தார்.

தம்பி பட்டியலை வெகுநேரம் பார்த்தான். வெளியே யாரோ காப்பி மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் மாமாவின் வரியைத் தேர்ந்தெடுத்து நீக்கினான். கீழே இருந்த வரிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. கோட்டுக்குக் கீழே இருந்த வரியும் ஏறியது. அவன் எதுவும் செய்யவில்லை. அதுவாகவே ஏறியது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினான்.

இரண்டு வாரத்தில் ஏழு பேருக்கும் கடிதம் வந்தது. மருத்துவமனை அவர்களுக்கு மரியாதையாகப் பிரிவு உபசாரம் நடத்தி, ஆளுக்கு ஒரு துவாலை கொடுத்தது. அவர்களே வெளுத்த துவாலை.

அன்று சாயங்காலம் மாமா நடந்தே வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அவரோடு பேருந்து நிறுத்தம்வரை நாலு பேர் பேசிக்கொண்டு வருவார்கள். அன்று யாரும் அவரோடு வரவில்லை. அக்கா சமையலறையில் இருந்தாள். மாமா கூடத்தில் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். சட்டைகூட மாற்றவில்லை.

"பட்டியல்ல நான் எத்தனாவதுடா?"

"நீங்க இல்லை மாமா."

"இல்லைங்கறது எனக்கே தெரியும். இருந்தேனான்னு கேட்டேன்."

தம்பி ஷூவைப் பார்த்தான்.

"முதல்ல," என்றான்.

"எனக்குப் பதிலா யாரு?"

தம்பி சொன்னான். மாமா தலையை ஆட்டினார். ஊகித்ததுதான் என்பதுபோல ஆட்டினார்.

"அந்தம்மா வாயே திறக்கமாட்டேன்னுச்சு. நான்தான் போய்க் கெஞ்சினேன், நம்ம பையன்னு." சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். "இன்னிக்குப் போறப்ப எங்கிட்ட வந்து, உங்க மச்சான் நல்லா எழுதிக்கிட்டாருன்னு சொல்லிட்டுப் போச்சு. திட்டியிருந்தாகூடத் தேவலாம்."

நீங்கள் போயிருந்தால் வீடு என்ன ஆகும் மாமா, கண்ணாடிக்காரன் வந்திருந்தால் ஒன்பது பேர் என்றெல்லாம் தம்பி விளக்கினான். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

மறுநாள் காலை அவர் மருத்துவமனை நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனார். நான் விலகிக்கொள்கிறேன், என் இடத்தில் அந்த அம்மாளை வைத்துக்கொள்ளுங்கள் என்று கையால் எழுதிக் கொடுத்தார். அதிகாரி எழுந்து நின்று அதை வாங்கிக்கொண்டார். இந்த மாதிரி மனிதர்களைப் பார்ப்பதே அபூர்வம் என்று நெகிழ்ந்து, கையைப் பிடித்துக் குலுக்கினார். விலகலை உடனே ஏற்றுக்கொண்டார். அந்த அம்மாள் விஷயம் வேறு என்றார். புதிய அமைப்பில், விலகியவரோடு அவர் இடமும் இல்லாமல் போய்விடும். இல்லாத இடத்தில் ஒருவரை எப்படி வைப்பது? மாமா இதற்குப் பதில் யோசிப்பதற்குள் கடிதத்தில் முத்திரை விழுந்துவிட்டது.

அந்த வார இறுதிக் கூட்டத்தில் பங்காளி தம்பியை முன்னால் அழைத்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"ஏழு கேட்டவர் எட்டு கொண்டுவந்திருக்கார்," என்றார். "ஏழு பேரைப் பட்டியல் எடுத்துச்சு. எட்டாவது ஆள் தானா எழுந்து போயிருக்கார். நாம கேட்காமலே, கடிதம் கொடுக்காமலே, ஒரு துவாலைச் செலவுகூட இல்லாம போயிருக்கார். ஒரு சூழலை இந்த அளவுக்கு உருவாக்கறதுதான் உத்தியோட உச்சம்."

கண்ணாடிக்காரன் பொறாமையோடு கைதட்டினான். மூணு பாயிண்ட், ஒண்ணு வாழ்த்துகள் என்று தொடங்கி, இரண்டுக்கும் மூன்றுக்கும் அதையே சொன்னார். தம்பியிடம் ஓர் உறை கொடுத்தார்கள். கேட்டதற்கு மேல் கிடைக்கும் தலையின் சம்பளம், கழிவு எதுவும் இல்லாமல், கண்டெடுத்தவருக்கே மாதாமாதம் சேரும் என்று அதில் இருந்தது. விதியாம். இதுவரை யாருக்கும் பயன்பட்டதில்லையாம்.

வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அடக்கம், என்றார் மனிதவள அம்மையார் பக்கத்திலிருந்தவரிடம். வாயை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தபோது மாமா கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தலையணை உறை, அக்காவின் புடவை, தம்பியின் சட்டை எல்லாவற்றையும் மருத்துவமனை மடிப்பாக, ஒரே அளவில் அடுக்கி வைத்திருந்தார். அக்காவின் கண் வீங்கியிருந்தது. நாலு நாளாக, இனி எப்படிச் சமாளிப்பது என்பதைத் தவிர அவள் வேறெதுவும் பேசவில்லை. மாமா உண்மையில் ஏன் வேலையை விட்டார் என்று அவளிடம் இருவருமே சொல்லவில்லை. இடுப்பு வலி என்று மாமா சொல்லியிருந்தார்.

தம்பி உறையை ஒளித்து வைத்திருக்கலாம். பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுக்கும்போது அது கூடவே வந்து விழுந்தது. மாமா எடுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். கூட்டிய தொகை முழு ஆயிரமாக இல்லை. கடைசி மூன்று இலக்கங்கள் கோணல்மாணலாக இருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் ஏறிய சின்னச் சின்னச் சம்பள உயர்வுகளும் பிடித்தங்களும் சேர்ந்து உண்டாக்கிய கோணல் அது. உலகத்தில் இன்னொரு சம்பளச் சீட்டில் அப்படி இருக்க முடியாது.

"என்னங்க அது?" என்றாள் அக்கா. "கூட்டியிருக்காங்களா? எவ்வளவு?"

மாமா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"நான் வாங்கிட்டிருந்தது அப்படியே வருது. ஒரு காசு குறையலை," என்றார். "இனிமே இவன் வாங்கிட்டு வருவான். நீ அழாதே."

அக்காவுக்கு அது புரியவில்லை. புரிந்த அளவு போதுமாக இருந்தது. தம்பியின் தலையில் கை வைத்தாள். நல்ல நேரம் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள், உன் கம்பெனிக்காரர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றாள். நாலு நாளுக்குப் பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.

மாமா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தம்பி தட்டைப் பார்த்தபடி இருந்தான். இன்றைக்குப் பசிக்காது என்று நினைத்திருந்தான். பசித்தது. நன்றாகவே பசித்தது. அக்கா இரண்டாம் முறை பரிமாற வந்தபோது அவன் கையை நீட்டித் தடுக்கவில்லை.